மூன்றாவது சிலிண்டர்

என் தையல் கடைக்கும் பக்கத்துக் கார் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர்தான். அங்கே ஸ்பானர் கீழே விழுந்தால் இங்கே என் மேசையில் ஊசி டப்பா ஆடும். பதினோரு வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தைத்ததில், என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே எது நல்ல சத்தம், எது நோஞ்சான் சத்தம் என்று பிடிபட்டிருந்தது. கடவுள் எல்லாவற்றையும் மன்னிக்கிறவர் என்று நம்புகிறவன் நான். ஆனால் மன்னிப்புக் கிடைப்பது வேறு, போனது திரும்பக் கிடைப்பது வேறு. அதை அந்த மழைக்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

பட்டறைக்குச் சொந்தக்காரரைத் தெருவே பெட்டிக்காரர் என்று கூப்பிடும். அவரிடம் ஒரு ஸ்கேனர் பெட்டி உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் அதன் வயரைச் செருகினால், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் தன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும். அவர் அதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். உள்ளே மெத்தென்று துணி வைத்து அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்ததும் நான்தான். "எனக்கு ஒரு ரவிக்கை தச்சுக்கோன்னு இந்த மனுசன் வாயில வராது. பெட்டிக்குச் சட்டை கேக்குதாம்" என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவளைத் தெருவில் எல்லோரும் அக்கா என்பார்கள். என்னைவிட எட்டு வயது இளையவள். ஊரோடு ஒத்து நானும் அக்கா என்பேன். அவள் என்னை அண்ணே என்பாள். அவளை முதலில் அக்கா என்று கூப்பிட்டவன் அவளுடைய தம்பி. தாய் இறந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. கல்யாணமான மறு வருடமே அவனைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்காததால் அவன்தான் தம்பியும் பிள்ளையும். அவனைச் சின்னவன் என்போம். முப்பது தாண்டியும் பெயர் மாறவில்லை. பட்டறையில் கை வேலை முழுக்க அவனுடையது. பேச்சு மட்டும் ரேஷன்தான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால், அதில் நாலு "சரி அத்தான்" என்பதாக இருக்கும்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு அக்கா பின்வாசல் வழியாகச் சோறு கொண்டு வருவாள். வேலை மேசையில் நட்டு போல்ட்டைத் தள்ளிவிட்டுப் பழைய பேப்பரை விரித்து மூன்று தட்டு வைப்பாள். பருப்பு, ஏதாவது ஒரு பொரியல், ஆளுக்கொரு அவித்த முட்டை. பெட்டிக்காரருக்கு மஞ்சள் கரு ஆகாது. அதை எடுத்துச் சின்னவன் தட்டில் வைப்பார். இருபது வருடப் பழக்கம். பேசிக்கொண்டே, தட்டைப் பார்க்காமலேயே வைப்பார்.

நர்சம்மாவின் கார் வந்தது மழை தொடங்கிய வாரத்தில். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு ஊசி போடுகிறவர், புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறவர். பழைய வண்டி, பின்சீட்டு முழுக்கப் பஞ்சும் மருந்தும். அது ஓடினால் அன்றைக்குப் பன்னிரண்டு பேருக்குக் கட்டு மாறும். என்ஜினுக்குள் தண்ணீர் கசிந்து ஆயிலில் கலந்து, ஆயில் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. என்ஜினின் தலைப்பகுதியை, அவர்கள் ஹெட் என்பதை, கழற்றியாக வேண்டும். சின்னவன் கழற்றினான். மூன்றாவது சிலிண்டரில் ஒரு வால்வு ஓரத்தில் கருகியிருந்தது. புது வால்வு போட்டு, பசை தடவி, குச்சி முனையில் ரப்பரைப் பொருத்தி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மோர் கடைவதுபோல் உருட்டி உருட்டித் தேய்த்தான். ஒரு நாள் முழுக்க அந்தச் சரசரப்பு தகரத்தின் வழியே எனக்குக் கேட்டது. தேய்த்து முடித்து, மேலே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தான். கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் தன் வேலையை இன்னொருவருக்குக் காட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஹெட் ஏறியது. அப்போது பெட்டிக்காரர், என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் வயர் ஆயிலில் ஊறி வெடித்திருப்பதைப் பார்த்து, தானே ஒரு புது சென்சாரை மாட்டினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நர்சம்மா என் கடையில் குடையை மடக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார். மறுநாள் விடியும் முன்னே அவர் ஒருவருக்கு ஊசி போடப் போக வேண்டும். அதனால் பெட்டிக்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்து, பெட்டியில் பழைய குறைகளையெல்லாம் ஒரே அழுத்தில் அழித்துவிட்டு, சாவியைக் கொடுத்து அனுப்பினார்.

நாலாம் நாள் நண்பகலில் வண்டி திரும்பி வந்தது. விக்கல் எடுத்தவன் நடப்பதுபோல் குலுங்கிக் குலுங்கி வந்தது. என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. மேம்பாலம் ஏறும்போது தொடங்கியதாம். நர்சம்மா கோபப்படத் தெரியாதவர். "எனக்கொண்ணுமில்லைங்க. முதுகுல புண்ணு வந்த ஒரு பெரியவரு, நான் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் ஒரே பக்கமா படுத்துக் கிடந்தாரு" என்று மட்டும் சொன்னார்.

பெட்டிக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. பெட்டியைச் செருகினார். மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது அது சரியாக வெடித்து எரியாமல் விட்டு விட்டுப் போகிறது என்று பெட்டி சொன்னது. உடனே, எப்போதும் செய்வதுபோல், அழித்தார். அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது, திரும்ப வந்தால் நம்புவது. இதுதான் அவர் வழக்கம். சின்னவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"படத்தைப் பாத்தீங்களா அத்தான்?"

குறை பதிவாகும் நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, என்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு சூடு என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்ததுபோல் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். குறையை அழித்தால் படமும் சேர்ந்து போய்விடும்.

"மூணாவதுன்னு அதுவே சொல்லுது. படம் எதுக்கு? மாட்டி மாலை போடவா?"

"நிக்கும்போது வந்துச்சா, வேகத்துல வந்துச்சான்னு தெரியும். வால்வு கசிஞ்சா நிக்கும்போதுதான் மொதல்ல காட்டும்."

"அழிச்சாச்சு."

சின்னவன் வண்டியை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயில் ஒரு துணியைப் பிடித்து, அது உள்ளே இழுபடுகிறதா என்று பார்த்தான். பிறகு நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துக் காற்றழுத்தம் அளந்தான். நாலும் ஒரே அளவு, கசிவே இல்லை. மறுபடி பிளக்கை மாட்டி ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"சத்தம் சீராத்தான் இருக்கு அத்தான்."

எனக்கும் அப்படித்தான் கேட்டது. நான் சொல்லவில்லை. தையல்காரன் என்ஜினைப் பற்றிப் பேசினால் யார் மதிப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

பெட்டிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு மேம்பாலம் வரை போனார். திரும்பி வரும்போது விளக்கு மறுபடியும் எரிந்தது, வண்டி மறுபடியும் விக்கியது. பெட்டி மறுபடியும் மூன்றாவது என்றது. இறங்கியவர் நர்சம்மா நிற்கிறாரே என்றும் பார்க்கவில்லை.

"பெட்டி பொய் சொல்லாது. கை வச்சவன்தான் பொய் சொல்லுவான்" என்றார்.

சின்னவன் தலை குனிந்து நின்றான். அவர் என் பக்கம் திரும்பினார். "டெய்லரே, நீங்களே சொல்லுங்க. அன்னைக்கு மத்தியானம் இவன் வால்வைத் தேய்ச்சானா, உங்க கடை வாசல்ல போனும் கையுமா நின்னானா?"

நான் சொன்னேன். "கொஞ்ச நேரம் நின்னு பேசினான்" என்றேன்.

பொய்யில்லை. பேசினான். ஆனால் ஒரு நாள் முழுக்கக் கேட்ட அந்தச் சரசரப்பையும், இறங்காத அந்த மண்ணெண்ணெய்ச் சொட்டையும் சொல்லாமல், இதை மட்டும் சொன்னேன். உண்மையிலும் பாதியை வெட்டிக் கொடுக்கலாம் என்று துணி வெட்டுகிற எனக்குத் தெரியாதா? அக்கா டீத் தட்டோடு பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"ஹெட்டைக் கழட்டு" என்றார் பெட்டிக்காரர்.

"நல்லா இருக்கிற ஹெட்டை எதுக்கு அத்தான் கழட்டணும்? நாலும் ஒரே அளவு காட்டுது."

"அப்ப இனிமே என் பட்டறையில எந்த என்ஜினையும் தொடாதே."

கோபத்தில் வாய்க்கு வந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டிருந்தால் அவரே வேறு மாதிரி சொல்லியிருப்பார். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து யாரும் கேட்கவில்லை.

சின்னவன் சோப்புத்தூள் போட்டு முழங்கை வரை கை கழுவினான். நகக்கண் வரை தேய்த்தான். வேலை உடுப்பைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். நீலத்துணி, மார்புப் பையில் பட்டறையின் பெயர் மஞ்சள் நூலில். நான் போட்ட எழுத்துதான்.

"கால் மடிப்பு பிரிஞ்சிருக்கு டெய்லரண்ணே. தச்சு வையுங்க. அடுத்து வர்றவனுக்கு ஆகும்."

மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டான். வேறு ஊரில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் பழக்கமானவர் ஒருவர் இருந்தார். அக்கா சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். இரண்டு பேரில் யாரையும் கெஞ்சவில்லை. அன்று என் கடைப் படியில் வந்து உட்கார்ந்து, "ஒருத்தரு என்னைக் கட்டினவரு, ஒருத்தன் நான் வளத்த பிள்ளை. எந்தக் கையை வெட்டிக்கட்டும் சொல்லுங்கண்ணே" என்றாள். நான் பிரார்த்தனை செய்துகொள்வதாகச் சொன்னேன். செய்யவும் செய்தேன். ஆனால் பிரார்த்தனைக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஒன்று எனக்கு இருந்தது.

பெட்டிக்காரர் தன்னந்தனியாக ஹெட்டைக் கழற்றினார். வால்வு உட்காரும் இடம் கண்ணாடிபோல் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. புது கேஸ்கெட் வைத்து மூடினார். விளக்கு மறுபடியும் எரிந்தது. பிளக்கை மாற்றினார், காயிலை மாற்றினார், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடம் மாற்றிப் பார்த்தார். எதை மாற்றினாலும் பெட்டி மூன்றாவது என்றே சொன்னது. கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்கள்: நர்சம்மா காலையில் பட்டறைக்கு வருவார், இவர் குறையை அழித்துக் கொடுப்பார், வண்டி அரை நாள் ஒழுங்காக ஓடும். மழை விடவில்லை. மத்தியானம் மேசையில் இரண்டு தட்டு. முட்டையின் மஞ்சள் கரு பெட்டிக்காரர் தட்டின் ஓரத்திலேயே கிடந்து காயும். பிறகு அக்கா முட்டை அவிப்பதையே நிறுத்திவிட்டாள்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு காலையில் சாவியை நீட்டிக்கொண்டே நர்சம்மா, "கோவிச்சுக்காதீங்க. ஒருத்தர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. சென்சார் மாத்தினீங்களே, கம்ப்யூட்டருக்குச் சக்கரத்தைப் படிக்கக் குடுத்தாச்சான்னு" என்றார்.

"சரிதான். ஊசி போடுறவங்க எனக்குப் பாடம் நடத்துற காலம் வந்துடுச்சு" என்று அவர் சிரித்தார். சிரித்தாரே தவிர, வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அவர் உள்ளே போனதும் நான் நர்சம்மாவிடம் யார் கேட்கச் சொன்னது என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்று சின்னவன் சொல்லியிருக்கிறான் என்று சொல்லி, சொல்லிவிட்டார். அதோடு இன்னொன்றும் சொன்னார். வண்டி பிரித்துக் கிடந்த அந்த இரண்டு நாளும் விடிகாலையில் தன் பைக்கில் நர்சம்மாவை உட்காரவைத்து, மழையில் வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தது சின்னவன். எட்டரை மணிக்குப் பட்டறையில் ஆஜர். அதை அக்காவிடம்கூட அவன் சொல்லவில்லை. "மத்தியானத்துல போன் போட்டு, நாளைக்கு யார் யாருக்குப் போகணும், எத்தனை மணிக்கு வரட்டும்னு கேப்பான்" என்றார் நர்சம்மா.

என் கடை வாசலில் நின்று அவன் பேசிய பேச்சு அதுதான். அன்று முழுக்க நான் வெட்டிய துணியெல்லாம் கோணலாகப் போயிற்று.

மூன்றாம் நாள் பெருமழை. வெளியே போக முடியாமல் நர்சம்மா விட்டுப்போன வண்டியைத் தவிர பட்டறையில் வேறு வண்டி இல்லை. பெட்டிக்காரர் நர்சம்மாவின் வண்டிக்குள் உட்கார்ந்து பெட்டியில் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். குறைகளைச் சொல்லும் முதல் பக்கத்தைத் தாண்டி அவர் போனதே இல்லையாம். நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: சக்கரம் கற்றது, இல்லை. பெட்டி ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர்தான் பக்கத்தைப் புரட்டவில்லை.

வெளியே வந்து, நனைந்தபடியே என் கடைக்குள் ஏறி, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு விளங்கவைப்பதுபோல் தனக்கே சொல்லிக்கொண்டார். என் தையல் மெஷினின் கைச்சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றிக் காட்டினார். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் என்கிற சுழலும் தண்டுக்கு ஒரு சின்ன உந்து கிடைக்கும். ஒன்று வெடிக்காவிட்டால் அந்த இடத்தில் சுழற்சி மயிரிழை தாமதப்படும். மனிதக் காதுக்குப் பல சமயம் கேட்காது. கிராங்கோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பக்கத்தில் சென்சார் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லும் தன்னைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. எந்த இடத்தில் தாமதமோ, அந்த இடத்துச் சிலிண்டர் விட்டுவிட்டது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். உங்கள் மெஷினில் தையல் விட்டுப் போனால் துணியைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறீர்கள் அல்லவா, அதுபோல என்றார். இருநூறு சுற்றுக்குள் அளவுக்கு மேல் விட்டுப்போனால் விளக்கு சிமிட்டும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ப் புகையைச் சுத்தம் செய்கிற பாகத்தைக் கருக்கிவிடும். அதைக் காப்பாற்ற, சில வண்டிகளில் கம்ப்யூட்டரே அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோலை நிறுத்திவிடும்.

"ஆனா எந்தச் சக்கரமும் பல்லுக்குப் பல் ஒரே அளவா இருக்காது டெய்லரே. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அது குறை இல்லை, அதோட பிறவி. புது சென்சார் மாட்டினா, இந்தச் சக்கரம் இப்படித்தான்னு கம்ப்யூட்டருக்கு ஒரு தடவை படிச்சுக் குடுக்கணும். என்ஜினைச் சூடாக்கி, ரேஸ் குடுத்து, தானா இறங்க விடணும். அஞ்சு நிமிஷ வேலை. மழை வருது, அந்தம்மா நிக்குறாங்கன்னு நான் செய்யலை."

மழை தகரத்தில் கொட்டியது. சக்கரத்திலிருந்து கையை எடுத்தார்.

"மூணாவது சிலிண்டர் பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. செய்யலைன்னு கம்ப்யூட்டர் அதுவா நெனச்சு பெட்ரோலை நிறுத்திடுச்சு. நிறுத்தினதும் நெசமாவே அதால வேலை செய்ய முடியலை. உடனே, பாத்தியா நான் சொன்னேன்ல, ங்குது."

நான் அவருக்குத் தலை துவட்ட ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன். நர்சம்மா சொன்னதையெல்லாம் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அந்த மத்தியானத்துப் போன் எதற்கு என்பதையும், நான் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். துண்டு முகத்திலேயே இருந்தது. துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"குண்டும் குழியுமான ரோட்டுல போனா வண்டி குலுங்குறதுல சக்கரமும் தடுமாறும். அப்ப கம்ப்யூட்டர் என்ன செய்யும் தெரியுமா? இது ரோட்டோட குத்தம், என்ஜினைச் சொல்லக்கூடாதுன்னு எண்ணுறதையே கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சிடும். அந்த நிதானம் ஒரு மிஷினுக்கு இருக்கு டெய்லரே."

மழை விட்டதும் போய் அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்தார். விளக்கு அதன் பிறகு எரியவே இல்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். தகரத்தின் வழியே எனக்குக் கேட்டது. அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்றேன்."

அந்தச் "சொல்றேன்" நாலு மாதம் எடுத்தது. முதல் வாரம் போனில் சொல்கிற விஷயமா இது என்றார். பிறகு வேலை அதிகம் என்றார். பிறகு, இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு என்றார். தப்பை ஒத்துக்கொள்வதை ஆறப்போட்டால் அது ஆறாது, இறுகும். ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று கூடுதலாக முறுக்கிய போல்ட்டைப் போல அவரிடம் அது இறுகிப் போனது. அக்கா வாராவாரம் தம்பியோடு பேசினாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டும் கேட்டாள். அவர் வாயால் வர வேண்டியதைத் தன் வாயால் சொல்லிவிடக்கூடாது என்று இருந்தாள்.

கடைசியில் நர்சம்மாதான் வழி செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, "இன்னைக்கு எனக்கு லீவு. கடல் பக்கம் போறேன். ஐஸ் தொழிற்சாலை வழியிலதான் இருக்கு. மூணு சீட்டு காலி" என்றார். கடல் அவருக்கு எதற்கு? இப்படிப்பட்டவர்களைக் கொண்டுதான் கடவுள் தன் வேலையை நடத்துகிறார் என்பது என் எண்ணம். பெட்டிக்காரர் முன்சீட்டில் ஏறினார். அக்கா சாப்பாடு அடைத்த ஒரு தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கால் மடிப்பு தைத்து வைத்திருந்த நீல உடுப்பைப் பையில் எடுத்துக்கொண்டேன்.

ஐஸ் தொழிற்சாலையின் தரை முழுக்க ஈரம். உள்ளே மூச்சு புகையாக வந்தது. பின்கட்டில் பெரிய ஜெனரேட்டர். பக்கத்தில் சின்னவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஃபில்டர் துடைத்துக்கொண்டிருந்தான். யாருடையதோ பெரிய உடுப்பு, கை கால் மடித்துவிட்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்து, அத்தானுக்கு அந்த ஸ்டூலைத் தள்ளினான். இளைத்திருந்தான். அக்கா பக்கத்தில் போய் அவன் காலரைச் சரிசெய்தாள்.

பெட்டிக்காரர் உட்காரவில்லை.

"சென்சாரை மாத்தினது நான் மாப்ள. படிக்கக் குடுக்காம விட்டதும் நான்தான்."

"தெரியும் அத்தான். பஸ்ல போகும்போதே தோணிடுச்சு."

"அப்பவே எனக்குப் போன் போட்டு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல."

"திட்டி என்ன ஆகப்போகுது? வண்டி ஓடணும். அந்தப் பெரியவருக்குக் கட்டு மாத்தணும்ல."

நர்சம்மா ஜெனரேட்டரை ஆராய்வதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சின்னவன் கையைப் பிடித்து, அன்று பாதி பேசிவிட்டேன் தம்பி, என்னை மன்னித்துவிடு என்றேன். "விடுங்கண்ணே" என்று சிரித்தான்.

பெட்டிக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். "வந்துடு மாப்ள."

"வர்றேன் அத்தான். மாசம் ஒரு தடவை வீட்டுக்கு வர்றேன். அக்கா கையால சாப்பிடணும்." ஃபில்டரைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டான். "பட்டறைக்கு வேண்டாம்."

"இன்னும் கோபமா?"

"கோபமெல்லாம் எப்பவோ போச்சு. இங்க ஜெனரேட்டர் நின்னா, என்னைக் கூப்பிட்டு என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க அத்தான். மொதல்ல கேக்குறாங்க. அது பழகிடுச்சு."

அவன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அதில் ஒரு குத்தல் இல்லை. இருந்திருந்தால் பெட்டிக்காரருக்குத் தாங்குவது லேசாக இருந்திருக்கும்.

தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டோம். அக்கா முட்டை அவித்துக் கொண்டுவந்திருந்தாள். பெட்டிக்காரர் மஞ்சள் கருவை எடுத்தார். பார்க்காமல் வைக்கிறவர், இந்தத் தடவை பார்த்து, கேட்பதுபோல் நீட்டினார். சின்னவன் தட்டை முன்னால் நகர்த்தினான்.

கிளம்பும்போது நான் நீல உடுப்பை எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தான். கால் மடிப்பைத் தடவினான். "நல்லா இருக்கு. இங்கேயே போட்டுக்குவேன்" என்றான். பிறகு தயங்கி, மார்புப் பையைக் காட்டி, மெதுவாகக் கேட்டான்: "இந்தப் பேரை மட்டும் பிரிச்சுத் தர்றீங்களாண்ணே? வேற இடத்து வேலைக்கு இதைப் போட்டா மரியாதையா இருக்காது."

நான் பெட்டிக்காரரைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஊசி முனையால் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்தேன். கெட்டியாகத்தான் தைத்திருந்தேன், நேரம் பிடித்தது. மஞ்சள் நூல் துண்டுகள் ஈரத் தரையில் விழுந்தன. பெட்டிக்காரர் கடைசி எழுத்து வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். நூல் போன இடத்தில் ஊசித் துளைகள் எழுத்தின் வடிவத்திலேயே நின்றன. இரண்டு துவைப்பில் மூடிக்கொள்ளும் என்றேன். அது அவ்வளவு சீக்கிரம் மூடாது என்று எனக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் கொஞ்ச தூரம் ரோடு போடாத பாதை. வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. அக்கா காலித் தூக்குப்போசியைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். விளக்கு எரியவில்லை. பிறகு நல்ல ரோடு வந்தது. மேம்பாலம் வந்தது. நர்சம்மா மிதித்தார், வண்டி மூச்சுத் திணறாமல் ஏறியது. பெட்டிக்காரர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாலத்தின் உச்சிக்கு வந்ததும் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்.

"சத்தம் சீராத்தான் இருக்கு."

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"அவன் அன்னைக்கே சொன்னான்" என்றாள்.